தடா பக்கத்து மூன்று ஏக்கர் நஞ்சையை இறால் குட்டைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: ஆந்திர எல்லையில் உள்ள தடாவுக்குக் கிழக்கே 3 ஏக்கர் நஞ்சை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மகன் ஸ்ரீசிட்டியில் வேலை. நெல்லூர் பக்கமிருந்து ஒருவர் வந்து, வன்னாமி இறால் வளர்க்க 5 வருடக் குத்தகை கேட்கிறார். நெல்லில் மிஞ்சுவதைவிடப் பல மடங்கு தருகிறாராம். சுற்றிலும் இன்னும் நெல்தான். "மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போகும் என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையா, வயிற்றெரிச்சலா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இருக்கும், தம்பி. ஆனால் சொல்வது உண்மைதான். சுற்றிலும் நெல் இருக்கிற நஞ்சையை இறாலுக்குக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே உவர் ஏறிப்போன, உப்பங்கழி ஓரத்து நிலமாக இருந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன். சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை வட்டாரத்துக் குட்டைகளுக்குத் தண்ணீரும் மண்ணும் சோதித்துக் கொடுத்துதான் என் சோறு வருகிறது. அதனால் இறால்மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை.

முதலில் உப்பைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் குட்டையில் நான்கடி தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 50 லட்சம் லிட்டர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வன்னாமிக்கு அவ்வளவு தேவையில்லை, 10 கிராமிலேயே நன்றாக வளரும். அந்தக் கணக்கில் உங்கள் ஓர் ஏக்கரில் ஒரே நேரத்தில் 50 டன் உப்பு நிற்கிறது, மூன்று ஏக்கருக்கு 150 டன். குத்தகைதாரர், "இது ரொம்ப லேசான உப்புங்க, 5 பிபிடிதான்" என்று சொல்லக்கூடும். 5 பிபிடி என்றால் லிட்டருக்கு 5 கிராம். வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில்கூடக் குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நெல்லோ உப்புக்கு ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. மண்ணின் உவர் அளவு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும், 7ஐ ஒட்டி வரும்போது பாதி போய்விடும்.

இந்த உப்பு குட்டைக்குள்ளேயே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாசி, பங்குனியில் ஏதாவது ஒரு குட்டைக் கரையின் வெளிப்பக்கமாக நடந்து பாருங்கள். கரையின் அடியில், வயலைத் தொடும் இடத்தில், ஒரு முழ அகலத்துக்கு மண் எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும், விரலால் சுரண்டி நாக்கில் வைத்தால் கரிக்கும். அதை ஒட்டிய முதல் இரண்டு வரிசை நெல்லின் தோகை நுனி காய்ந்து சுருண்டிருக்கும், நாலாவது வரிசை பச்சையாக நிற்கும். அடுத்த வருடம் காய்ந்த வரிசை பத்தாகிவிடும். குட்டைத் தண்ணீரின் மட்டம் பக்கத்து வயலைவிட உயரத்தில் நிற்கிறது, அதனால் கசிவு நிற்க வழியே இல்லை. கரையைச் சுற்றி ஆழமாக ஓர் ஊற்றுக்கால் வெட்டி, கசிவைப் பிடித்து வடிகாலில் விட்டால் பாதிப்பு குறையும். ஆனால் அதற்கும் நிலம் போகும், செலவு ஆகும். குத்தகைக்கு எடுத்தவர் எத்தனை பேர் அதை வெட்டுகிறார்கள் என்று ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது வழி கீழே போவது. நம் பக்கத்தில் பழவேற்காடு ஏரிக்கு அருகே நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது, அதற்கடியில் உவர். கழித் தண்ணீர் எட்டாத இடத்தில் பண்ணைக்காரர் போர் போட்டு அந்த உவரைத்தான் இறைப்பார். இறைக்க இறைக்க மேலே இருக்கிற நல்ல தண்ணீரும் கலங்கிக் கலக்கும். கோடையில் குட்டையில் ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட இன்னும் இறைக்க வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஐந்து வருடம் கழித்து உங்கள் கைக்கு நிலம் திரும்பும்போது இரண்டு மூன்று வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவிவிடும் என்று ஆறுதல் சொல்வார்கள். மணல் கலந்த மண்ணில் ஓரளவு நடக்கும். களிமண் நஞ்சையில் தண்ணீர் கீழே இறங்கவே மறுக்கும். அதோடு பண்ணை போடும்போது ஜேசிபி முதலில் வழித்துக் கரையாகக் குவிப்பது உங்கள் மேல்மண்ணைத்தான். தலைமுறை தலைமுறையாக எரு போட்டு வளர்த்த அரை அடி மண் அது.

சரி, உப்பு இருக்கட்டும். தீவனக் கணக்கு பலர் போடுவதே இல்லை, அதனால் நானே போட்டுக் காட்டுகிறேன். ஏக்கருக்கு 3 டன் இறால் எடுக்க வேண்டுமானால் 4 டன்னுக்கு மேல் தீவனம் கொட்ட வேண்டும். அதில் 35 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகிற தழைச்சத்து 230 கிலோவுக்குக் குறையாது. இறாலின் உடம்பில் ஏறி வெளியே வருவது 90 கிலோவை ஒட்டித்தான். மிச்சம் 140, 150 கிலோ குட்டையிலேயே நிற்கிறது. யூரியா மூட்டையாகச் சொன்னால் ஏழு மூட்டை. நெல்லுக்கு ஓர் ஏக்கருக்கு மூன்று மூட்டை போட்டாலே அதிகம் என்போம். இது ஒரே மகசூலுக்கு, அதாவது நூறு நூற்றிருபது நாளுக்கு. வருடத்துக்கு இரண்டு மகசூல் எடுப்பார்கள்.

அதில் ஒரு பகுதி காற்றில் போகும். ஒரு பகுதி குட்டையின் நடுவில் கறுப்புச் சேறாகப் படியும். அறுவடை முடிந்து தண்ணீரை வடித்ததும் அழுகின முட்டை நாற்றம் அடிப்பது அதுதான். மீதி வடிகாலில் இறங்கி, காளங்கி ஆற்றின் வழியாகவோ பக்கிங்காம் கால்வாய் வழியாகவோ பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. ஒரு குட்டை விடுவதை ஏரி தாங்கிக்கொள்ளும். எல்லோரும் ஒரே மாதத்தில் குஞ்சு விட்டு ஒரே மாதத்தில் வடிப்பதால்தான் சிக்கல். அதிலும் ஒருவர் வடித்த வாய்க்காலில்தான் கீழே இருப்பவர் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார். அவருடைய நோய் உங்கள் குட்டைக்கு வரத் தபால்காரர் தேவையில்லை.

நோயைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் நிற்குமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெல்லூர்க் கரை முழுக்க டைகர் இறால். சிலர் ஒரே வருடத்தில் மாடி வீடு கட்டினார்கள். 1994, 95ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஓட்டில் வெள்ளைப் பொட்டு தெரிய ஆரம்பித்து ஒரு வாரத்துக்குள் குட்டையே காலி. இன்று பண்ணைக்கு மேலே காக்கா வராமல் நூல் கட்டுவதும், கரையைச் சுற்றி நண்டு ஏறாமல் வலை நடுவதும் அந்த அடியில் கற்ற பாடம், வைரஸைத் தூக்கி வருபவை அவைதான். 2009ல் அரசு வன்னாமியை அனுமதித்தது. அது நம் கடல் இறால் இல்லை, லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. நோயில்லாத தாய் இறாலை விமானத்தில் கொண்டுவந்து சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகுதான் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் குஞ்சு சுத்தமாக வந்தாலும் அது இறங்குகிற குட்டை சுத்தமாக இருக்க வேண்டாமா?

டைகர் காலத்தில் சதுர மீட்டருக்குப் பத்து, இருபது குஞ்சு. வன்னாமிக்கு 60 வரை விடலாம் என்று விதி. நெரிசல் கூடினால் ஆக்சிஜன் பற்றாது. விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் ஆபத்து, மீட்டரைத் தண்ணீரில் விட்டால் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி நிற்கும். அந்த நேரம் கரண்டு போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் மூன்று மாத உழைப்பு அன்றைக்கே மிதக்கும். அதனால்தான் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ராப்பகலாக ஓடுகிறது. 3 டன் இறால் இருக்கும் ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 80, 90 யூனிட் போகும். தகுதியுள்ள பண்ணைக்கு ஆந்திர அரசு யூனிட்டுக்கு ரூ.1.50 என்று மானிய விலையில் கொடுப்பதால் கணக்கு கட்டுபடியாகிறது. மிச்சத்தைக் கட்டுவது யார்? இறாலை வாழ்நாளில் ருசித்துப் பார்க்காதவரும் சேர்ந்துதான்.

இப்போது வெள்ளைப்புள்ளியைவிடப் பண்ணைக்காரரைத் தூங்கவிடாமல் செய்வது இஎச்பி என்ற நுண்ணுயிரி. இது சட்டென்று கொல்லாது. இறால் தின்னும், வளராது. காலையில், தீவனம் தின்றதா என்று பார்க்கக் குட்டையில் இறக்கிய தட்டை, செக் ட்ரேயை, தூக்கினால் தீவனம் காலியாக இருக்கும், மனசு நிறையும். ஆனால் அறுபதாம் நாளில் பெரியதும் சின்னதும் கலந்து நிற்கும், தண்ணீரின் மேலே வெள்ளை நூல் மாதிரி கழிவு மிதக்கும். இதற்கு மருந்து கிடையாது. மருந்து என்று விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அது தனிக் கதை. இதன் வித்து குட்டை மண்ணில் தங்கிவிடும். அதைக் கொல்ல ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு, நனைத்து, உழ வேண்டும் என்பது பரிந்துரை. ஏக்கருக்கு இரண்டரை டன் சுண்ணாம்பு. இது நாளைக்கு நீங்கள் நாற்று நடப்போகும் மண்ணில் போடுவது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வளராத இறாலுக்கு விலை கிடையாது. கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்பதுதான் கவுண்ட். 30 கவுண்டுக்கும் 100 கவுண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நோய் என்று சந்தேகம் வந்ததும் எல்லோரும் அவசரமாகப் பிடிப்பார்கள், ஒரே வாரத்தில் சந்தையில் சின்ன இறால் குவியும், வியாபாரி விலையை இறக்குவார். 3 டன் எடுக்கிறவருக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் இறங்கினால் ஏக்கருக்கு 1,20,000 ரூபாய் போச்சு. செலவில் பாதிக்கு மேல் தீவனம், அதுவும் பெரும்பாலும் கடனில். தீவனக் கடை பாக்கியை வைத்துக்கொண்டு இறாலை வேறு ஆளுக்கு விற்கவும் முடியாது.

அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சமாச்சாரம். நாட்டின் பண்ணை இறாலில் முக்கால்வாசி ஆந்திராவில் விளைகிறது. 2023-24ல் உறைய வைத்த இறால் ஏற்றுமதி மட்டும் 7,16,000 டன், மதிப்பு 40,000 கோடி ரூபாய். மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. நம் வீட்டுச் சந்தை சிறியது, அதனால் அங்கே தும்மினால் இங்கே குட்டையில் விலை விழும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியதும் கரையோரம் என்ன கலவரம் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கதை வேறு. தடை செய்த ஆன்டிபயாட்டிக் எச்சம் அடிக்கடி சிக்கியதால், 2016 முதல் நம் பண்ணை இறாலில் பாதிச் சரக்கைத் துறைமுகத்திலேயே சோதிக்கிறார்கள். யாரோ ஒருவர் பயத்தில் ஊற்றிய மருந்துக்கு எல்லோரும் காத்துக்கிடக்க வேண்டும். நம்மை முந்திக்கொண்டு போன ஈக்வடார், பரந்த குட்டைகளில் குறைந்த நெரிசலில் வளர்த்துப் பேர் வாங்கிய நாடு.

இதெல்லாம் குத்தகைதாரரின் தலைவலிதானே, எனக்கென்ன என்று கேட்கலாம். இரண்டு மகசூல் விழுந்தால் அவர் மூன்றாம் வருடமே மோட்டாரையும் ஏரேட்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஐந்து வருடப் பத்திரம் உங்கள் பெட்டியில் இருக்கும், நிலத்தில் நான்கடிப் பள்ளமும் உப்பும் இருக்கும். இப்படிக் கிடக்கிற குட்டைகளைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பெரும்பாலும் சீமைக்கருவேலம் மூடிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது, ஒடிசாவின் சில்கா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் 1,000 மீட்டருக்குள் குட்டையே கூடாது, வேலை இழப்பவர்களுக்கு ஆறு வருடச் சம்பளம் என்று உத்தரவு. நாக்பூர் 'நீரி' என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. இறாலால் வரும் வருமானத்தைப்போல ஆந்திராவில் சுமார் நான்கு மடங்கும் தமிழ்நாட்டில் ஒன்றரை மடங்கும் சேதம் என்று அது மதிப்பிட்டது. அந்த மடங்குகளை அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை, இப்படிப்பட்ட கணக்கில் எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆனால் உப்பேறிய கிணற்றுக்கும் ஒரு விலை உண்டு என்று முதல்முதலாக ஒருவர் கணக்கில் எழுதினாரே, அது பெரிது.

தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது 2005ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். இப்போது சென்னையில் இருக்கும் அந்த ஆணையத்தில் பதிவு செய்தால் பண்ணை நடத்தலாம், கடலோரத்திலும் கழி ஓரத்திலும் தடை செய்த எல்லைக்குள் புதிதாக வரக்கூடாது. ஊரிலிருந்து 100 அல்லது 300 மீட்டர், குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர், விளைநிலத்தோடு இடைவெளி என்று வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம் பொதுவாக 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைக்குத்தான் கட்டாயம் என்றிருந்தது, வன்னாமிக்கு மட்டும் சிறிய பண்ணையும் வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். மூன்று மூன்று ஏக்கராகப் பத்துப் பேர் போட்டு யாரும் அதைக் கட்டாவிட்டால், வாய்க்காலில் விழுவது 30 ஏக்கரின் கழிவு. 2023 திருத்தத்தில் சிறைத் தண்டனையும் போய் அபராதம் மட்டும் நின்றுவிட்டது. ஏரிக்குள்ளும் நேலப்பட்டிலும் பறவைச் சரணாலயம் என்பதால் வன உயிரினச் சட்டம் தனி. உங்கள் நிலம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று பார்க்காமல் பேச்சை ஆரம்பிப்பதே தப்பு.

ஏரியை நம்பிப் பிழைப்பவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பழவேற்காட்டில் மீனவர்கள் பாடு முறையில், இன்று இந்தப் பக்கம் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிடிக்கிறவர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருளர், இந்த ஆந்திரப் பக்கம் யானாதிப் பழங்குடியினர். இருளர் பெண்கள் பறி என்ற பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுச் சேற்றில் கையால் தடவி இறால் எடுப்பார்கள். அந்த இறால் கடலில் பிறந்து குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்வது. பண்ணை மோட்டார் கழித் தண்ணீரை உறிஞ்சும்போது அந்தக் குஞ்சும் சேர்ந்து போகிறது. அவர்களுக்குக் குத்தகைப் பணமும் கிடையாது, ஏற்றுமதியும் கிடையாது. வயல் வேலையும் அப்படித்தான். மூன்று ஏக்கரில் நடவு, களை, அறுப்பு என்று வந்த பெண்களின் இடத்தில் ஒரு காவலாள், ஒரு தீவன ஆள் போதும். தலை கிள்ளும் கம்பெனியில் வேலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, ஆனால் உங்கள் வயலில் நட்டவர்களுக்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இறாலும் நெல்லும் சேரவே சேராதா என்றால், சேரும். எர்ணாகுளம் பக்கத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் உப்பு தாங்கும் நெல், அறுத்த பிறகு கார்த்திகையிலிருந்து சித்திரை வரை ஏற்றநீரோடு வரும் இறால். ஏரேட்டர் கிடையாது, மூட்டை மூட்டையாகத் தீவனமும் கிடையாது. விளைச்சல் குறைவு, அதை ஒளிக்கத் தேவையில்லை. தடாவில் அந்த ஏற்றநீர் ஓட்டம் இல்லை, ஆகவே அப்படியே கொண்டுவர முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டு நிலைமை காரணமாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முன்பணம் வாங்குவதற்கு முன்னால் உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் பக்கத்து வயல் கிணற்றுத் தண்ணீரையும், நிலத்தின் நான்கு மூலை மண்ணையும் வேளாண் துறை ஆய்வகத்தில் கொடுத்துத் தேதியோடு சீட்டு வாங்கிவிடுங்கள். பத்திரத்தில் அந்தச் சீட்டின் எண்கள் ஏற வேண்டும். புதிய போர் போடக் கூடாது, மேல்மண்ணைத் தனியாகக் குவித்துத் திருப்பிப் பரப்பித் தர வேண்டும், சுற்றிலும் ஊற்றுக்கால் வெட்ட வேண்டும், வடிநீர் அடுத்தவர் பாசன வாய்க்காலில் விழக் கூடாது என்று எழுதுங்கள். நிலத்தைச் சமன் செய்ய ஆகும் செலவை ஜேசிபிக்காரரிடம் இன்றைய விலைக்குக் கேட்டு, அதை வைப்பாக முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வருடா வருடம் குத்தகையில் கழிப்பதாக வேண்டாம். ஆணையப் பதிவோ மீன்வளத் துறை அனுமதியோ யார் பேரில், எந்த சர்வே எண்ணுக்கு என்று நகல் கேளுங்கள். இதையெல்லாம் சொன்னதும் அவர் குத்தகைத் தொகையைக் குறைத்தால், முதலில் சொன்ன தொகையில் எவ்வளவு உங்கள் மண்ணுக்கான விலை என்று தெரிந்துவிடும். பக்கத்து வயல்காரரிடமும் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், அவர் கிணறும் இதில் சம்பந்தப்பட்டது.